லெப்பை முடித்து வைத்த கல்யாணம்

9 ஜூலை 1931, வியாழன்

காலையிலிருந்து மழை. கடையில் பசை காயவில்லை, வெல்வெட் ஒட்டவில்லை என்று இவர் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். சொங்கோக் தொப்பி தைக்கிறவருக்கு மழை ஆகாது. வந்தவர் சும்மா இருக்காமல் எங்கள் மகள் காமாரியாவின் தலையில் அரைகுறைத் தொப்பியைக் கவிழ்த்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு மூக்கு வரை இறங்கிவிட்டது. அது இருட்டைக் கண்டு அலறியது. இவர் சிரித்தார்.

இவரைப் பெற்ற மாமி பாசாரிலிருந்து ஒரு கோழி வாங்கி வந்தார். அறுக்கப் பள்ளிவாசல் லெப்பையிடம்தான் போக வேண்டும். வேறு யார் அறுத்தாலும் மாமி வாயில் வைக்க மாட்டார். கோழியை இடுக்கிக்கொண்டு மழையில் போனவர் வெகு நேரம் கழித்து வந்தார். மோதினாருக்குக் காய்ச்சலாம், லெப்பையே பாங்கு சொல்லி, லெப்பையே தொழ வைத்து, பிறகு பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து, அப்புறம்தான் கோழிக்கு முறை வந்ததாம்.

சுலைமான் லெப்பையை என்னவென்று சொல்வது என்று எனக்கு எப்போதும் குழப்பம்தான். பாங்கு சொன்னால் மோதினார். முன்னால் நின்று தொழ வைத்தால் இமாம். வெள்ளிக்கிழமை மிம்பர் மேடையில் ஏறினால் கதீப். பிள்ளைக்கு அலிபு பே சொல்லிக் கொடுத்தால் உஸ்தாது. நிக்காஹ் முடித்து வைத்தால் காஜியார். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பாகை. எங்கள் லொரோங் சந்தில் பிறந்தவர்கள் காதில் பாங்கு சொன்னதும் அவர்தான், போனவர்களைக் குழிக்குள் வைத்துத் தல்கீன் ஓதியதும் அவர்தான். என் வாப்பாவுக்கும் அவர்தான்.

குழம்பு நன்றாக வந்தது.


14 ஜூலை

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு ரொஸ்னாக்கா தலாக் கேட்டுப் புதுக் காஜியாரிடம் போனாள். அவள் புருஷன் கப்பலில் சமையல்காரன். கரையில் இருக்கிற நாளெல்லாம் அடிதான். அவள் விலா எலும்பில் நானே எத்தனையோ தடவை எண்ணெய் தேய்த்து விட்டிருக்கிறேன். ஊருக்கே பெரிய காஜியாராக முன்பு இருந்தவர் ஒன்றும் செய்யமாட்டார். புதியவர் இந்த வருஷம்தான் வந்திருக்கிறார். காஜா மொய்தீன் ஆலிம் என்று பெயர், மக்காவில் ஓதியவர், சின்ன வயசு. அவராவது கேட்பார் என்று போனாள்.

திரும்பி வந்து எங்கள் சமையல் கட்டில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை.

"வெட்டி விடச் சொல்லிப் போனேன் சபூரா. வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு."

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்கு நிக்காஹே ஆகலையாம்லா."

மாமியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. பிறகு ரொஸ்னாக்கா மெல்ல மெல்லச் சொன்னாள். சுலைமான் லெப்பையிடமிருந்து காஜி பதவியை அரசாங்கம் எப்போதோ எடுத்துவிட்டதாம். நாலு வருஷத்துக்கு மேல் இருக்குமாம். அவர் இமாம்தான், லெப்பைதான், ஆனால் காஜி இல்லை. வாப்பா, அண்ணன், தம்பி, சாச்சா என்று பெண்ணைக் கொடுக்க உரிமையுள்ள ஆண் ஒருவன், அதாவது வலீ, இருந்தால் பாதகம் இல்லை. அவன் கொடுக்கிறான், லெப்பை வார்த்தை எடுத்துக் கொடுக்கிறார், அவ்வளவுதான். வலீ இல்லாத பெண்ணுக்குக் காஜிதான் வலீ. காஜி இல்லாதவர் அப்படிக் கொடுத்தால் அது கொடுத்ததே ஆகாது.

ரொஸ்னாக்காவுக்கு வாப்பா இல்லை, அண்ணன் தம்பி, சாச்சா என்று யாரும் இல்லை.

"அப்போ இத்தனை நாளா நான் யாருலா?" என்று கேட்டாள். "புருஷன் இல்லை. கல்யாணம் இல்லை. வாங்குன அடி மட்டும் நெசம்."

மாமி அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. கீழே விழுந்த அகப்பையை எடுத்துக் கழுவி வைத்தேன்.


15 ஜூலை

என் வாப்பாவும் மௌத்து. எனக்கும் அண்ணன் தம்பி இல்லை. எனக்கும் லெப்பைதான் முடித்தார்.


16 ஜூலை

நேற்று முழுவதும் அரிசி களைந்தேன், துணி துவைத்தேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன். கை வேலை செய்தது. நான் எங்கேயோ இருந்தேன்.

கணக்குப் பார்த்தால் எப்படிப் பார்த்தாலும் தப்பவில்லை. எனக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம். லெப்பைக்குப் பதவி போனது அதற்கு முன்பே. என் வாப்பா அப்துல் ரஹீம் நாகூரிலிருந்து தனி ஆளாகக் கப்பல் ஏறி வந்தவர். இங்கே ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தார். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அந்த ஈய எழுத்துகளை வைத்துத்தான், தலைகீழாக. அவருக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இருந்ததாகச் சொன்னதில்லை. அவர் போன பிறகுதான் அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கிற பெரியம்மா எனக்கு அவசரமாக இந்த மாப்பிள்ளையைப் பார்த்தார்.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரொஸ்னாக்கா விஷயத்தை முதலில் சொன்னேன், பிறகு நம் விஷயத்தை.

இவர் தலை நிமிரவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "பேசாம இரு சபூரா," என்றார். "தெருவுல வாய் விடாத. நான் பாத்துக்கறேன்."

பாவம், இடி விழுந்த மாதிரி இருந்திருக்கும். எனக்கு ஒரு நாள் தேவைப்பட்டதே.


18 ஜூலை

இவர் "பார்த்துக்கொள்ளவில்லை". அதனால் மாமியும் நானும் ரிக்‌ஷாவில் காஜியார் வீட்டுக்குப் போனோம். பிள்ளை மாமி மடியில். வழியெல்லாம் மாமி பேசவில்லை. பேசாமல் இருக்கிற மாமியை இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன்.

காஜியார் எங்களைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து எல்லாம் கேட்டார். யார் முடித்தார், யார் வலீயாக நின்றார், தகப்பன் வழியில் ஆண்கள் உண்டா. ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க நான் சுருங்கிக்கொண்டே போனேன். கடைசியில் அவர் புத்தகத்தை மூடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லைம்மா. கல்யாணம்னு நம்பித்தானே குடும்பம் நடத்தினீங்க. பிள்ளை தகப்பன் பேர்லதான் இருக்கும். அதை யாரும் தொட முடியாது."

மாமி அல்ஹம்துலில்லாஹ் என்று பெருமூச்சு விட்டார்.

"ஆனா நிக்காஹ் சேரலை. வேற சட்ட வழியில, வேற மத்ஹபுல, போற ஆலிம் வேற மாதிரி சொல்லலாம். நாம ஷாபி. என் மனசுக்குச் சரின்னு படறதைத்தான் நான் சொல்ல முடியும். திரும்ப முடிச்சுக்கோங்க, சின்ன வேலைதான். அதுவரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்."

சின்ன வேலையாம்.

எழுந்திருக்கும்போது அவரே மறுபடி கூப்பிட்டுச் சொன்னார். "இன்னொண்ணும்மா. முதல் கல்யாணத்தில் பெண்பிள்ளை வெட்கப்பட்டுச் சும்மா இருந்தா அதையே சம்மதமா எடுத்துக்குவோம். இப்ப நீங்க பிள்ளை பெத்தவங்க. மௌனம் போதாது. வாய் திறந்து சொல்லணும்."

ரிக்‌ஷாவில் வரும்போது என் கல்யாணத்தை நினைத்துப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் நான் அழுதுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்காக அழவில்லை, வாப்பா இல்லையே என்று அழுதேன். லெப்பை ஏதோ கேட்டார், என் காதில் விழவில்லை. பெரியம்மா, "அழுகையும் சம்மதந்தான் லெப்பை," என்றார். அதோடு முடிந்தது.

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இது வரைக்கும் அது எனக்குத் தோன்றவே இல்லை!


19 ஜூலை

பாகான் டாலாமுக்குப் போய்ப் பெரியம்மா வீட்டில் இருக்கலாம் என்று துணிமணியை எடுத்து வைத்தேன். மாமி வந்து பார்த்தார். மூட்டையைப் பிரித்து என் துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தார். அதே துணியில் தன் மகனுடைய சாரோங், சட்டை, ஷேவ் கத்தி எல்லாவற்றையும் வைத்துக் கட்டினார்.

இவர் கடையிலிருந்து வந்ததும் வாசலிலேயே மூட்டையைக் கையில் கொடுத்தார்.

"நீ கடையில போய்ப் படு. இவ ஏன் போகணும்? பால் குடிக்கிற பிள்ளையோட தொங்காங் படகுல ஏறிக் கடல் தாண்டணுமா?"

"உம்மா, தெருவே பாக்குது."

"பாக்கட்டும்லா. உன்னைப் பெத்தது நானு. இவளை நான் பெறல. பெறாதவளைத் துரத்துனாத்தான் தப்பு."

இவர் மூட்டையோடு படியிறங்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. மாமியாரைப் பற்றி இந்த நாட்குறிப்பில் இதற்கு முன் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாமா என்று பார்க்கிறேன்.


23 ஜூலை

அவர் வந்து வாசலில் நின்று பிள்ளையை வாங்கிக் கொஞ்சுகிறார். நான் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். என் புருஷனுக்கு முன்னால் முக்காடு! அவர் முதுகில் இருக்கும் மச்சம் வரை எனக்குத் தெரியும்.

எப்போது நிக்காஹ் என்று மாமி கேட்டால், "நபிகள் பிறந்த மௌலூது மாசம் முடியட்டும், ஆட்கள் வேலையா இருக்காங்க," என்கிறார். கல்யாணத்துக்கு எத்தனை ஆள் வேண்டும், இரண்டு சாட்சிதானே?


25 ஜூலை

ரொஸ்னாக்கா ஜெலுத்தோங்கில் இருக்கிற அவள் உம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பிரிந்த பெண் காத்திருக்க வேண்டிய இத்தாக் காலம் முடியும்வரை அங்கேதான். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நல்லவன்கிட்ட மாட்டுன. திரும்பச் சேர்ந்துரு," என்றாள். நல்லவர்தான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.


28 ஜூலை

நபிகள் பிறந்த நாள். பள்ளிவாசலில் மௌலூது ஓதுகிற சத்தம் இங்கே வரை கேட்டது. அங்கே முன்னால் உட்கார்ந்து ஓத வேண்டிய சுலைமான் லெப்பை எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார்.

முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைப்பாகை இல்லை. மாமி நாற்காலி போட்டும் உட்காரவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தாராம். எழுபது வயசுக்காரர் என் முன்னால் நிற்கிறார், நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பதவியை எடுத்துட்டாங்கன்னு தெரியும்மா. முத்திரையைத் திரும்பக் கொடுத்துட்டேன். ஆனா சனங்க வந்து காஜியாரே காஜியாரேன்னு கூப்பிட்டாங்க. நான் இப்ப காஜி இல்லைன்னு சொல்ல வாய் வரலை. ஓதுறது அதே ஓதல்தானே, சொல்றது அதே வார்த்தைதானேன்னு இருந்துட்டேன். பதிவுக்குப் பெயரை நானே போய்ச் சொல்லிடுவேன், அங்கேயும் யாரும் கேட்கலை. இந்த வருசம் புதுக் காஜியார் கூப்பிட்டு விளக்கிச் சொன்னப்பதான் புரிஞ்சுது, எத்தனை பெண்களை நான்…"

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் வாப்பாவைக் குழியில் இறக்கிய கை.

"இப்பவாவது சொன்னீங்களே லெப்பை," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அப்பவே சொல்லிட்டேனேம்மா. ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சதும் கடை கடையாப் போய்ச் சொன்னேன். வலீ இல்லாத பெண்களைக் கட்டினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும். சத்தமில்லாம திரும்ப முடிச்சுக்கோங்கன்னு சொன்னேன். கனித் தம்பிகிட்டயும் சொன்னேனே. அவரு சொல்லலியா?"

கனித் தம்பி. முகம்மது கனி. என் புருஷன்.

லெப்பைக்குப் போட்ட நாற்காலியில் மாமி உட்கார்ந்தார்.

"ஆம்பளைங்ககிட்டச் சொன்னீங்க," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது. "எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

லெப்பை வெறும் தலையைத் தடவிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அது தோணலைம்மா," என்றார்.


29 ஜூலை

தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே இருந்திருக்கு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அப்புறம் எத்தனை நாள்? எத்தனை சாப்பாடு பரிமாறினேன், எத்தனை தடவை பக்கத்துல படுத்தேன் — தெரிஞ்சுக்கிட்டே படுத்திருக்காரு. நான் அன்னைக்குச் சொன்னப்போ சோத்தைப் பிசைஞ்சாரே, இடி விழுந்ததுன்னு நான் பரிதாபப்பட்டேனே. இடி எனக்குத்தான் விழுந்துச்சு. அவருக்கு அது பழைய மழை.

நான் முட்டாள். நல்லவரு நல்லவருன்னு எழுதி வெச்சிருக்கேன்.

காமாரியா நான் அழுவதைப் பார்த்துத் தன் துணியால் என் முகத்தைத் துடைக்கிறது. பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேன்.


31 ஜூலை, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்தார். மாமி நடுவில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், வெற்றிலையைக் கூட எடுக்கவில்லை. நான் திரைக்கு உள்ளே.

"லெப்பை உங்ககிட்ட எப்பச் சொன்னாரு?"

வாசலில் செருப்பு தேய்கிற சத்தம். பிறகு, "மே மாசம்," என்றார்.

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன்."

"நான் ஏன் போகணும்?"

"கல்யாணத்தன்னைக்கு நீ அழுத சத்தம் எனக்குக் கேட்டுச்சு சபூரா. இந்தப் பொண்ணு என்னை வேண்டாங்குதுன்னுதான் நெனச்சேன். லெப்பை அதையே சம்மதம்னுட்டாரு, நானும் கட்டிக்கிட்டேன். அப்புறம் நல்லாத்தான் இருந்த. ஆனா திரும்பக் கேட்டா என்ன சொல்லுவியோ… அதான் கேக்காமயே இருந்துட்டேன்."

என்னவோ ஒன்று எனக்குள் இளகப் பார்த்தது. அதை இளக விடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"போயிடுவேன்னு பயந்தீங்க. அதனால போகலாம்கிறதே தெரியாம வெச்சிருந்தீங்க. கோழியைக் கூடைக்குள்ள கவுத்து வெக்கிற மாதிரி."

மாமி தன் மகனைப் பார்த்த பார்வையை நான் திரையின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். எனக்கே அவர் மேல் இரக்கம் வந்துவிட்டது.

போகும்போது சொன்னார்: "அடுத்த வெள்ளிக்குக் காஜியாரை வரச் சொல்லட்டுமா?"

மாமி என்னைப் பார்க்காமலே சரி என்றார். நானும் சும்மா இருந்தேன். மறுபடியும் சும்மா இருந்தேன்!


3 ஆகஸ்ட்

நல்லவரா கெட்டவரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தோளிலேயே போட்டுக்கொண்டு நடந்தவர். ஒரு நாள் கை ஓங்கியதில்லை. அது பொய்யா? பொய் இல்லை. இதுவும் பொய் இல்லை. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்திருக்கிறார்.


7 ஆகஸ்ட், வெள்ளி

இன்று நான் செய்ததை இன்னும் நம்ப முடியவில்லை.

மாமி நெய்ச்சோறு ஆக்கியிருந்தார். வாசல் அறையில் காஜியார், சாட்சிக்கு இருவர், இவர், தெருக்காரர்கள் கொஞ்சம் பேர். இவர் தானே தைத்த புதுச் சொங்கோக் போட்டிருந்தார். கறுப்பு வெல்வெட் எந்தப் பக்கம் தடவினாலும் ஒரே பக்கமாகப் படியும்படி தைப்பார், அதில் அவருக்கு நிகர் கடை இருக்கிற சூலியா தெருவிலேயே கிடையாது. அழகாகத்தான் இருந்தார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

காஜியார் திரைக்கு அருகில் வந்து உட்கார்ந்தார்.

"அப்துல் ரஹீமுடைய மகள் சபூரா. முகம்மது கனிக்கு உங்களை நிக்காஹ் செஞ்சு கொடுக்க எனக்குச் சம்மதம் தர்றீங்களா? வாய் திறந்து சொல்லுங்க."

ஆமாம் என்று சொல்லத்தான் இருந்தேன். சத்தியமாக. மாமி என் தோளைத் தொட்டார். வெளியே யாரோ, "என்ன காஜியாரே, அதுக்குப் பழகுன மாப்பிள்ளைதானே, எழுதிக்கோங்க," என்று சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லை," என்றேன்.

சிரிப்பு நின்றது.

"இன்னைக்கு இல்லை," என்றேன்.

காஜியார் இப்படி ஒன்றைக் கேட்டிருக்க மாட்டார் போலிருக்கிறது. கொஞ்ச நேரம் தொண்டையைச் செருமினார். பிறகு எழுந்து, ஆண்கள் பக்கம் போய், "பெண் மறுத்துட்டாங்க. நிக்காஹ் இல்லை," என்று சொன்னார். பாங்கு நேரம் ஆகிவிட்டது என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ஒருவன் கோபப்பட்டு, "பொம்பளை சொல்லுக்கெல்லாமா," என்று ஆரம்பித்தான். "அந்தச் சொல்லுக்காகத்தான் நான் வந்தேன்," என்றார் காஜியார்.

ஆக்கிய சோற்றை வீணாக்கலாமா என்று எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். இவர் மட்டும் சாப்பிடவில்லை.


8 ஆகஸ்ட்

மாமி என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கென்று கஞ்சி வைத்து மூடியிருந்தார்.


12 ஆகஸ்ட்

கிணற்றடியில் நான் போனால் பேச்சு நிற்கிறது. "திமிர் பிடிச்சவ" என்று காதில் விழட்டும் என்றே சொல்கிறார்கள். சுலைஹா என்று கோடி வீட்டுப் பெண், என்னைவிடச் சின்னவள், அவளும் சிரித்தாள். அவளுக்கும் வாப்பா இல்லை, பெரியம்மா வளர்த்த பிள்ளை. அவளுக்கும் லெப்பைதான் முடித்தார்.

எனக்குத் திடீரென்று உறைத்தது. அவளுக்குத் தெரியாது, என் நிக்காஹ் ஏன் சேரவில்லை என்று யாரும் அவளிடம் விளக்கியதில்லை! லெப்பை அவள் புருஷனிடம் சொல்லியிருப்பார். அவனும் சொல்லியிருக்க மாட்டான்.

இன்னும் எத்தனை பேர் இப்படிச் சிரித்துக்கொண்டு தண்ணீர் இறைக்கிறார்கள்?


14 ஆகஸ்ட், வெள்ளி

அவர் பிள்ளையைப் பார்க்க வந்தார். இளைத்துவிட்டார், தாடி வளர்ந்திருக்கிறது. கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைத் திரும்பக் கொடுத்துவிட்டுப் போகப் புறப்பட்டவரை நான்தான் நிறுத்தினேன்.

"லெப்பை யார் யாருக்கு அப்படி முடிச்சாருன்னு அவருக்குத் தெரியும். அவரைக் கூட்டிக்கிட்டு வீடு வீடாப் போங்க. ஆம்பளைங்ககிட்ட இல்லை. பொம்பளைங்ககிட்டச் சொல்லுங்க."

"என்னையா போகச் சொல்றே?"

"எனக்குச் சொல்லாததை அவங்களுக்காச்சும் சொல்லுங்க."

"தெருவுல நான் கடை வெச்சிருக்கேன் சபூரா. அத்தனை பேரும் என்கிட்டத் தொப்பி வாங்குறவங்க."

"தெரியும்," என்றேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருகிறவன் அளவு சரியில்லை என்று பொய் சொன்னால் கூட மறுத்துப் பேசத் தெரியாமல் புதுத் தொப்பி தைத்துக் கொடுக்கிறவர். போக மாட்டார். போகாவிட்டால்? அப்படியானால் எனக்கும் பதில் கிடைத்துவிடும். மனசு கனக்கிறது.


20 ஆகஸ்ட்

போகவில்லை.


23 ஆகஸ்ட்

போனார்!

மாமிதான் வந்து சொன்னார், மூச்சு வாங்க. மாமியும் கூடப் போயிருக்கிறார். லெப்பைக்கு இவர் குடை பிடித்தாராம். லெப்பை மறுபடி தலைப்பாகை கட்டியிருந்தாராம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இவர் நின்று, "வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு சேதி, திரைக்குப் பின்னால வந்து கேளுங்க," என்று சொல்லுவாராம். லெப்பை சொல்லத் தொடங்கி அழுதுவிடுவாராம், மீதியை இவரே சொல்லி முடிப்பாராம். மாமி உள்ளே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்காருவாராம்.

ஒரு வீட்டில் வாசலில் பானைத் தண்ணீரை ஊற்றினார்களாம். சுலைஹாவின் புருஷன் இவர் தலையில் அடித்துச் சொங்கோக்கைச் சாக்கடையில் தள்ளிவிட்டானாம். அதை எடுக்கக் கூடக் குனியாமல் திரையைப் பார்த்து விஷயத்தை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாராம்.

"என் மகனா அது?" என்று மாமி என்னையே கேட்டார். "எனக்கே தெரியலை சபூரா."

எனக்கும் தெரியவில்லை. மூன்று வருஷம் கூட இருந்திருக்கிறேன்.


27 ஆகஸ்ட்

சுலைஹா வந்தாள். கிணற்றடியில் சிரித்தவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் காஜியாரிடம் போகச் சம்மதித்துவிட்டானாம். அவள் இன்னும் யோசிக்கிறாளாம். "யோசிக்கலாம்ல அக்கா?" என்று கேட்டாள். யோசிக்கலாம் என்றேன்.

இவர் கடைக்கு ஆள் வருவதில்லை என்று கேள்வி. இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிள்ளைக்கு மிச்ச வெல்வெட்டில் ஒரு குட்டித் தொப்பி தைத்துக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது.


2 செப்டம்பர்

காஜியாரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். நான்தான் அனுப்பினேன். மாமியிடம் கூடப் பிறகுதான் சொன்னேன். மாமி ஒன்றும் சொல்லாமல் பாசாருக்குக் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

இவருக்கும் சேதி சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது: "வர்றேன். ஆனா அன்னைக்கு நீ என்ன சொன்னாலும் சரி."


4 செப்டம்பர், வெள்ளி

கோழியைச் சுலைமான் லெப்பைதான் அறுத்தார். மாமி அவரிடம்தான் கொண்டுபோனார். வேறு யாரிடம் போவார்!

வந்தவர்கள் குறைவு. தெருவில் பாதிப் பேர் வரவில்லை. ரொஸ்னாக்கா இத்தாவில் இருப்பதால் வர முடியவில்லை, ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு கூடை ரம்புத்தான் பழம் அனுப்பியிருந்தாள். சுலைஹா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காஜியார் திரைக்கு அருகில் வந்தார். அதே கேள்வி. இந்தத் தடவை அவர் குரலிலேயே கொஞ்சம் பயம் இருந்தது. வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் உடனே சொல்லவில்லை. யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. என் வாப்பாவை நினைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அழுகை வரவில்லை.

"எனக்குச் சம்மதம்," என்றேன்.

அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டில் தொட்டிலில் தூங்கிய பிள்ளை விழித்துக்கொண்டதாம், மாமி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

காஜி வேலையைக் காஜியார் செய்தார். முடிந்ததும் துஆ ஓதச் சுலைமான் லெப்பையைக் கூப்பிடச் சொன்னேன். அவர் ஓரமாக, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காஜியாரே எழுந்து போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார். துஆ ஓத மட்டும்தான் வந்தார், அதை ஓத அவரைப் போல் ஒருவர் இல்லை.


5 செப்டம்பர்

காலையில் மூட்டையைக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நேற்றே வந்திருக்கலாம். பசை வேலை பாக்கி என்று கடையிலேயே தங்கிவிட்டார். அது பொய், இப்போது மழையே இல்லை.

திரையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டேன். கதவு விரியத் திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் படியிலேயே நின்றார், மூட்டையும் கையுமாக.

"உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

இப்போது கேட்க வேண்டியதில்லை. சாட்சியோடு எல்லாம் முடிந்துவிட்டது, அவருடைய வீடு, அவருடைய உம்மா, அவருடைய பிள்ளை. அதைச் சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை. கேட்டது பிடித்திருந்தது.

காமாரியாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"வாங்க மச்சான்," என்றேன்.